பன்றிக்கு வைத்த ரசம்

கொடைக்கானல் மலையில் இருக்கும் அட்டுவம்பட்டியில் கித்தேரியம்மாளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது. இன்னொன்று ஆக்னல் வைத்தது. "பன்னிக்கு ரசம் வைக்கிற அம்மா" என்று டீக்கடையில் ஒரு நாள் அவர் சொல்லப்போக, ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆக்னல் வேற்று ஆள் இல்லை. கித்தேரியம்மாளின் கணவர் உபகாரத்துக்குச் சித்தப்பா மகன். அவரும் பன்றி வளர்ப்பவர். ஓட்டல்களில் மிஞ்சும் சோற்றையும் புரோட்டாவையும் ஆட்டோவில் அள்ளிவந்து கொட்டிவிட்டு, இந்த மலையில் தன்னைப் போலப் பன்றி வளர்க்கத் தெரிந்தவன் ஒருத்தனும் கிடையாது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தவர்.

ஆனால் அவர் வைத்த பெயரில் பொய் ஒன்றும் இல்லை. கித்தேரியம்மாள் பன்றிகளுக்கு வைத்தது ரசமேதான்.

கித்தேரியம்மாள் பிறந்தது ஆடலூரில். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தார். வந்த ஆறாம் மாதம் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தேழு வருடம் அங்கே நானூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டார். என்ன சமைப்பது என்பது ஒரு தாளில் எழுதப்பட்டு வரும். எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். அந்த இருபத்தேழு வருடத்தில் எந்த விஷயத்திலும் அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. சமையற்காரிக்கு அபிப்பிராயம் இருக்கும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். வேலையை விட்ட அன்று ஒரு சால்வை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. மூன்றாம் மாதமே வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு வெள்ளைத் தாய்ப்பன்றிகளை வாங்கிவிட்டார். பெயர் வைத்தவர் உபகாரம். அதே பள்ளியில் தோட்டக்காரராக இருந்தவர் என்பதால், பெரியதற்கு வார்டன் என்றும் சிறியதற்கு மேட்ரன் என்றும் வைத்தார். இத்தனை வருடம் மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த மனிதர் இரண்டே பெயரில் தீர்த்துக்கொண்டார்.

வார்டன் போட்ட முதல் ஈற்றில் பதினொரு குட்டிகள். தாய்ப்பால் மறக்கடித்த மறுவாரமே கழிச்சல் கண்டது. நாலு குட்டிகள் செத்துப்போயின. மிச்சம் ஏழும் எலும்பும் தோலுமாக நின்றன. கடையில் ஒரு மருந்துத் தூளைக் கொடுத்து, தீனியில் தினமும் கலந்து போடச் சொன்னார்கள். கித்தேரியம்மாளும் போட்டார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த கால்நடை மருத்துவர் ஜெயப்பிரியா கொட்டகையைப் பார்க்க வந்தார். பழனிப் பெண், முப்பது வயது இருக்கும். தூள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சீக்கு வந்தா குடுக்கிற மருந்தும்மா. டெய்லி தீனியில போட்டா, அப்புறம் நெஜமாவே சீக்கு வர்றப்ப கேக்காது."

"அப்ப என்னதான் போடச் சொல்றீங்க டாக்டரம்மா?"

"எடத்தைக் காய வச்சு சுத்தமா வைங்க. தீனி நல்லதாக் குடுங்க. மூலிகைகூட சேத்துப் பாக்கலாம். பூண்டு, மஞ்சள், ஓமம் மாதிரி. நெறைய எடத்துல ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா நம்ம மலையில யாரும் செஞ்சு நான் பாக்கல. எவ்வளவு போடணும்னு எனக்கும் தெரியாது."

டாக்டரே தெரியாது என்று சொன்னது கித்தேரியம்மாளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முழுக்க யோசித்தார். பரீட்சை நேரத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். அப்போதெல்லாம் தாளில் எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் பூண்டு மிளகு ரசம் வைத்து ஊற்றிவிடுவார். மறுநாள் பிள்ளைகள் எழுந்து ஓடும். பிள்ளை வயிறும் குட்டி வயிறும் ஒன்றுதானே என்று தோன்றியது.

வில்பட்டிப் பக்கம் மலைப்பூண்டு தரம் பிரிக்கும் இடத்தில், பொடிப்பல்லை ஒதுக்கிவிடுவார்கள். அதை மூட்டையாகக் கேட்டு வாங்கினார். ஆடலூரில் இருக்கும் தம்பியிடமிருந்து, உள்ளீடு இல்லாமல் விலைபோகாத மிளகுப் பொக்கு வந்தது. சீரகம், ஓமம், மஞ்சள், கைநிறையக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் உரலில் இடித்து, அண்டாவில் கொதிக்கவைத்து, மக்காச்சோள மாவும் தவிடும் புண்ணாக்கும் கலந்த தீனியில் ஊற்றிப் பிசைந்தார். உப்பு இல்லை, புளி இல்லை. முதல் நாள் கைப்பழக்கத்தில் கடுகு தாளிக்கப் போனவரை உபகாரம்தான் தடுத்தார். "பன்னிக்குத் தாளிச்சுக் கொட்டுனா அடுத்து அப்பளம் கேக்கும்" என்றார்.

குட்டிகள் தொட்டியை நக்கிப் பளபளவென்று வைத்தன. அந்த ஏழும் தேறின. மேட்ரன் ஈன்ற அடுத்த ஈற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. கித்தேரியம்மாள் இதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் ஆக்னலைக் கேட்டுவிட்டு வந்து சிரித்தார்கள்.

"மதினி, பன்னி சீக்கு வந்தாச் சாகும், வரலைன்னாப் பொழைக்கும். ரசம் என்ன செய்யும்?" என்றார் ஆக்னல்.

"டாக்டரம்மா எழுதிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கிறேன். எடை போட்டுப் பாத்து நம்பர் வரலைன்னா ரசத்தை நிப்பாட்டிரணும். பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்று சொல்லிவிட்டார் கித்தேரியம்மாள். தன் கண்ணால் பார்த்த ஒன்றை நாலு பேர் நம்ப வேண்டும் என்ற ஆசை இந்த வயதில் இப்படிப் பிடித்து ஆட்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ஜெயப்பிரியா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். எட்டு வாரக் குட்டிகள் பன்னிரண்டு. ஆறு குட்டிகள் இடது அறையில், ரசம் கலந்த தீனி. ஆறு வலது அறையில், ரசம் இல்லாத தீனி. மற்றதெல்லாம் ஒன்றுபோல. அறுபது நாள் வரை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை, சாக்கில் கட்டி, உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு எடை போட வேண்டும். ரசம் குடித்தவை எடையில் முந்தினால், டிசம்பர் மாதம் மலையில் உள்ள பன்றி வளர்ப்பவர்களையெல்லாம் கூட்டி நடத்தும் பயிற்சியில் கித்தேரியம்மாளே எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

"நானா?"

"ஆமா, நீங்கதான. வேற யாரு?"

அன்றிலிருந்து கித்தேரியம்மாள் அடுப்பு ஊதும்போதும் கொட்டகை கழுவும்போதும் வாய்க்குள் பேசிப் பழக ஆரம்பித்தார். மனைவி செபம் சொல்கிறார் என்றுதான் உபகாரம் முதலில் நினைத்தார்.

பதினைந்தாம் நாள் எடை போட்டார்கள். இடதும் வலதும் ஏறக்குறைய சமம். இன்னும் நாள் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்கள். முப்பதாம் நாளும் அப்படியே. இரண்டு பக்கத்துக்கும் நடுவே அரைக் கிலோ வித்தியாசம்கூட இல்லை. பன்னிரண்டும் கொழுகொழுவென்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். கித்தேரியம்மாள் வலது அறை முன்னால் நின்று அந்த ஆறையும் முறைத்துப் பார்த்தார்.

"ஏலே, ஒங்களுக்கு என்ன கேடு? ரசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என்னத்தத் தின்னு இப்பிடி ஊதிப்போய் கெடக்கீங்க?"

நாற்பதாம் நாள், கூக்கால் கிராமத்தில் ஒரு பசுவுக்குக் கன்று எடுத்துவிட்டுத் திரும்பிய ஜெயப்பிரியா, காலை ஆறரை மணிக்கே அந்த வழியாக வந்தார். வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருபவர். கித்தேரியம்மாள் அப்போதுதான் தீனி வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சத்தம் காட்டாமல் ஓரமாக நின்று பார்த்தார். கித்தேரியம்மாள் அண்டாவிலிருந்து ரசத் தீனியை அள்ளி இடது தொட்டியில் போட்டு முடித்தார். பிறகு இரண்டு வாளி வெந்நீரை அந்த அண்டாவில் ஊற்றினார். கையை விட்டு அடி, ஓரமெல்லாம் வழித்து அலசினார். அந்தத் தண்ணீரிலேயே வலது அறைக்கான தீனியைப் போட்டுப் பிசைந்தார்.

"என்னம்மா செய்றீங்க?"

"தீனி பெசையறேன் டாக்டரம்மா. குளிருக்கு வெந்நீ நல்லதுல்ல."

"அது அண்டா கழுவுன தண்ணியில்ல?"

"ஆமா. கழுவுன தண்ணிதான. ரசம் ஒரு சொட்டு குடுக்கல. நீங்க சொன்னபடிதான்."

ஜெயப்பிரியா புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பூண்டு, மஞ்சள், மிளகு வண்டல் எல்லாம் அடியிலதானம்மா தங்கும். நாப்பது நாளா அவிங்களுக்கும் பாதி ரசம் போயிருக்கு."

கித்தேரியம்மாளுக்கு முகம் வெளிறிப்போயிற்று. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது.

"நீங்க வீட்டுல மிக்சி ஜாரு கழுவுன தண்ணியக் கீழயா ஊத்துறீங்க?"

டாக்டர் யோசித்துப் பார்த்தார். ஊற்றுவதில்லை. அவரும் குழம்பில்தான் ஊற்றுகிறார். "அதுவும் சரிதான்" என்றார். மசாலா அரைத்த பாத்திரத்தைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றும் கை நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. விஞ்ஞானம் அதை எதிர்பார்க்காதது விஞ்ஞானத்தின் தப்பு.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. வார்டன் மறுபடி ஈன்று, அந்தக் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனபோது அக்டோபர் வந்துவிட்டது. இந்த முறை ஆறு குட்டிகளை வேறு கொட்டகைக்கே அனுப்பிவிடலாம் என்றார் ஜெயப்பிரியா. தீனி ஒரே மூட்டையிலிருந்து போகட்டும், ரசம் மட்டும் போக வேண்டாம். ரசத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத ஆளாக ஒருவர் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

ஆக்னல் ஆறு குட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருந்தது. ஓட்டல் சோறு ஒரு பருக்கைகூடப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். "என் கை பட்டாலே அவிங்க வளந்துருவாய்ங்க. ரசத்துல கெடக்கிற சீரகத்தை எண்ணிக்கிட்டு இருங்க மதினி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொடைக்கானல் குளிரும் ஈரமும் சேர்ந்து ஒரு வாரம் வெயிலையே காட்டவில்லை. கித்தேரியம்மாளின் ஆறும் தொட்டியில் முட்டிமோதித் தின்று வைக்கோலில் உருண்டன. பதினைந்தாம் நாள் எடையில் முதல் முறையாக வித்தியாசம் தெரிந்தது. கித்தேரியம்மாளின் குட்டிகள் தலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் முந்தியிருந்தன. அன்று உபகாரத்துக்குக் கேசரி கிடைத்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆக்னல் ஒரு தூக்குவாளியோடு வாசலில் நின்றார். தலையில் மப்ளர், முகத்தில் வாட்டம்.

"சளி பிடிச்சிருக்கு மதினி. அந்த ரசம் கொஞ்சம் கெடைக்குமா?"

கித்தேரியம்மாள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார். பிறகு, "இருங்க, மனுசங்க குடிக்கிற மாதிரி புளி உப்புப் போட்டு வச்சுத் தர்றேன்" என்றார்.

"வேணாம் வேணாம். உப்பே வேணாம். பிரஷர் இருக்கு. அண்டாவுல இருக்கிறதையே ஊத்துங்க."

மறுநாளும் வந்தார். இப்போது வீட்டில் எல்லோருக்கும் சளி. அதற்கு மறுநாள் தூக்குவாளி போய் பத்து லிட்டர் கேன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இருமலாம். கித்தேரியம்மாள் முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுத்தார். உள்ளபடி சொன்னால், அந்த ஒன்றரை மாதமும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தன்னைக் கேலி செய்த வாய் தன் ரசத்தைக் குடிக்கிறது என்ற பூரிப்பில், ஒரு மனிதன் எத்தனை லிட்டர் ரசம் குடிப்பான் என்ற கணக்கு அவருக்குத் தோன்றவேயில்லை.

"பாவம், ஆளு ரொம்ப எளைச்சுட்டாரு" என்றார் உபகாரத்திடம்.

"அம்புட்டு ரசம் குடிச்சா சோறு எங்கிட்டு எறங்கும்?" என்றார் உபகாரம்.

மழையால் நடுவில் இரண்டு எடை தவறிப்போக, அறுபதாம் நாள்தான் மறுபடி எடை போட்டார்கள். முதலில் கித்தேரியம்மாளின் ஆறு. பிறகு ஆக்னலின் கொட்டகைக்குப் போய் அங்கே ஆறு. கொட்டகை அன்று அளவுக்கு அதிகமாகக் கழுவி, பினாயில் வாசனை தூக்கியடித்தது. ஜெயப்பிரியா நோட்டில் எழுதிக் கூட்டினார். மறுபடி கூட்டினார். நடுவில் இருந்த வித்தியாசம் கரைந்து, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகியிருந்தது. ஆக்னல் தராசைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை அது.

"ரசத்துனாலதான்னு என்னால எழுத முடியாதும்மா" என்றார் டாக்டர் மெதுவாக. அவருக்கும் கஷ்டமாக இருந்தது. "நம்பர் வரல. பயிற்சிக்கு மட்டும் வாங்க, வந்து உக்காருங்க."

கித்தேரியம்மாள் வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். பந்தயம் என்றால் பந்தயம். அன்று இரவு சாப்பாடும் இறங்கவில்லை. வெட்கமா, துக்கமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாம் பார்த்ததெல்லாம் பொய்யா என்ற ஒரே கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. விடுதிப் பிள்ளைகள் எழுந்து ஓடியதுகூடத் தானாக ஓடியதுதானோ என்னவோ.

மறுநாள் வெள்ளனே ஆக்னல் கேனோடு வந்தார்.

"நிப்பாட்டியாச்சு கொழுந்தனாரே. நம்பர் வரலைல்ல" என்றார் கித்தேரியம்மாள்.

"நிப்பாட்டிட்டீங்களா?" ஆக்னலுக்கு முகம் செத்துவிட்டது. "அதுக்காக அடுப்பையே அணைக்கணுமா? மழை வேற விடல."

"சளிக்குக் கசாயம் வச்சுத் தாரேன். அது வேற."

கசாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலிக் கேனோடு மழையில் நனைந்தபடியே போனார் ஆக்னல். அடுத்த இரண்டு நாளும் அவரை டீக்கடைப் பக்கமே காணவில்லை.

மூன்றாம் நாள், மன்னவனூர்ச் சாலையில் பயிற்சி, ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். கித்தேரியம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஜெயப்பிரியா கொட்டகை, தடுப்பூசி, தீனி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூலிகை சேர்ப்பதைப் பற்றி யாரோ கேட்டார்கள். டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு சோதனை செஞ்சு பாத்தோம். சேத்த குட்டிக்கும் சேக்காத குட்டிக்கும் வித்தியாசம் தெரியல. அதனால..."

"சேக்காத குட்டின்னு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா."

ஆக்னல் எழுந்து நின்றார். மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எங்கிட்ட குடுத்த ஆறும் மழையில கழிய ஆரம்பிச்சிருச்சு. தொட்டிகிட்ட வந்து மோந்து பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கிரும். நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். மதினி வீட்டுப் பக்கம் போனா, அங்க ஆறும் தொட்டியில ஏறி நிக்குது. எனக்கு மனசு கேக்கல. சளின்னு பொய் சொல்லி ரசத்தை வாங்கிட்டுப் போய் ஊத்துனேன். நாலாம் நாள் எந்திரிச்சிருச்சு. அப்புறம் ஆசைப்பட்டு, என் சொந்தக் குட்டி பதினாலுக்கும் சேத்து ஊத்துனேன். இப்ப மூணு நாளா ரசம் இல்ல. இருபதும் தொட்டியைக் கவுத்துப் போட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன சொல்ல?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கித்தேரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வருடக்கணக்காகச் சிரித்தவர்கள் முன்னால், சிரிக்கக் கற்றுக்கொடுத்த ஆளே எழுந்து நின்று சொல்கிறார். எந்தத் தராசு காட்டியிருந்தாலும் அவருக்கு இத்தனை நிறைந்திருக்காது.

ஜெயப்பிரியா சிரித்தபடியே நோட்டைத் திறந்தார். "இதையும் நிரூபணம்னு நான் எழுத முடியாது. இன்னொரு தடவை, பூட்டுப் போட்ட கொட்டகையில செய்யணும்" என்றார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "கித்தேரியம்மா, அதுவரைக்கும் நீங்க என்ன செய்றீங்க, எப்பிடிச் செய்றீங்கன்னு சொல்லுங்க. முன்னால வாங்க."

அவ்வளவு நாள் வாய்க்குள் பேசிப் பழகியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பூண்டு எம்புட்டு அம்மா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் நோட்டும் பேனாவுமாகக் கேட்டார். கித்தேரியம்மாள் கையைக் குவித்துக் காட்டினார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சின்னக் குட்டிக்கு எவ்வளவு, பெரியதற்கு எவ்வளவு, மழைக்கு என்ன கூட்ட வேண்டும், மிளகு ஏறினால் குட்டி எப்படித் தும்மும், எந்த நோய்க்கு ரசத்தை நம்பாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்கச் சொன்னார்.

வெளியே கூக்கால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. கூக்காலிலிருந்து வந்திருந்த ஐந்து பேரும் மூன்றாம் வரிசையில்தான் இருந்தார்கள். கித்தேரியம்மாள் பேச்சை நிறுத்தி, "பஸ்ஸு வந்துருச்சு, வெரசாப் போங்க" என்றார்.

அவர்களில் வயதானவர் சன்னலை எட்டிச் சாத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"அது போகட்டும். நீங்க சொல்லுங்கம்மா."